கலந்துள்ளதாகக் கூறப்படுகிறது

படியேறும்போதே ஹெல்மெட் கத்தினார்.

"மேடம், முதல் பக்கத்துல இடம் இருக்கா?"

தலைக்கவசத்தைக் கழற்றாமலே செய்தி அறைக்குள் நடமாடுகிற நிருபர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். முடி கொட்ட ஆரம்பித்ததும் தொற்றிக்கொண்ட பழக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரோடு நின்றுவிட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஹெல்மெட்தான்.

கத்திரி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளூர்ப் பக்கத்துக்கு அவள்தான் பொறுப்பு. எத்தனை நீளச் செய்தியானாலும் உள்ளங்கை அகலத்துக்குள் மடக்கி உட்கார வைத்துவிடுவாள். அதனால் நேருக்கு நேர் மேடம், முதுகுக்குப் பின்னால் கத்திரி. அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"முதல் பக்கம் அச்சுக்குப் போயாச்சு. என் பக்கத்துல ஒரு மூலை காலி. என்ன விஷயம், யார் வீட்டு நாய் யாரைக் கடிச்சுது?"

"நாய் இல்ல மேடம், தண்ணி." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தொட்டித் தெரு பக்கம் வர்ற குடிதண்ணியில சாக்கடை கலந்திருக்கு."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. தொட்டித் தெருவில்தான் அவள் அக்காவின் வீடு.

"யார் சொன்னது?"

"அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. வார்டு பூரா வாந்தி, பேதி. வந்தவங்க அத்தனை பேரும் அந்தப் பக்கத்து ஆளுங்க. சந்தேகப்பட்டு அந்தம்மாவே போய்க் குழாய்த் தண்ணியைப் பிடிச்சு லேபுக்குக் கொடுத்திருக்காங்க. சாக்கடைதான்னு வந்துடுச்சு. 'என் பேரைப் போட்டே எழுதுங்க'ன்னு சொல்றாங்க மேடம்! பேரைப் போடாதேன்னு கெஞ்சுற ஆளுங்களைத்தான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"ஹெல்மெட்டுக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்? நகராட்சி ஆணையர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். தண்ணீர் முற்றிலும் பாதுகாப்பானது, வதந்திகளை நம்ப வேண்டாம். அவ்வளவுதான். போனை வச்சுட்டார்."

ஹெல்மெட் நன்றாகவே எழுதியிருந்தார். முதல் வரி கல்வெட்டு மாதிரி இருந்தது: தொட்டித் தெரு வட்டாரத்தில் குடிநீரில் கழிவுநீர் கலந்துள்ளது. பிறகு வார்டின் நிலைமை, ஆணையரின் மறுப்பு. கடைசிப் பாராவில், டாக்டரம்மா தன் பெயரோடும் பதவியோடும் சொன்னது.

கத்திரி முதல் வரியில் கையை வைத்தாள். யோசித்து வைத்த கை அல்ல அது. சமைக்கிறவள் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போவதைப் போல, அவள் விரல்கள் 'கலந்துள்ளது' என்பதை 'கலந்துள்ளதாகக் கூறப்படுகிறது' என்று ஆக்கிவிட்டன.

எப்போதோ ஒரு வழக்கு வந்து, பத்திரிகை நீதிமன்றப் படிக்கட்டில் நாயாய் அலைந்தது. அப்போது பத்திரிகையின் வக்கீல் சொல்லிக்கொடுத்த மந்திரம் அது. "ஒரு வார்த்தையை வால்ல கட்டி விடுங்க. எவனாலும் ஒண்ணும் பண்ண முடியாது." ஹெல்மெட்டுக்குத் தலைக்கவசம், பத்திரிகைக்குக் கூறப்படுகிறது. ஆணையர் பேசினால் மட்டும் அது தேவைப்படாது. அவருக்கு நாற்காலி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அவர் 'தெரிவித்தார்' என்றே போகும்.

பக்கம் முடிகிற நேரத்தில் கீழ்த் தளத்திலிருந்து ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. மரச்சாமான் கடை. சோபா வாங்கினால் மேசை இலவசம்.

செய்தியை எப்போதும் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானது மேலே இருக்கும் என்பது கணக்கு. கத்திரி கடைசிப் பாராவைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். படித்துப் பார்க்கவில்லை. சோபா கச்சிதமாக உட்கார்ந்தது.

கிளம்பும் முன் அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. காலையில் பேப்பரைப் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

*

"வாம்மா மச்சினி! மச்சினி வந்துள்ளதாகக் கூறப்படுகிறது!"

கத்திரி செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தானின் குரல் வந்துவிட்டது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் கெட்டுப்போனால் வாயாலேயே வழி வாங்கிவிடுவார் என்று பணிமனையில் பெயர். முன்னறையில் ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு, பேப்பரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டிலிருந்து அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தாள். தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்தது.

"அக்கா, அது எங்க பிடிச்ச தண்ணி?"

"இதென்னடி கேள்வி? குழாய்லதான்."

"பேப்பர் பார்க்கலையா நீ?"

"பார்த்தோமே. பார்த்துட்டுத்தான் பிடிச்சேன்."

கத்திரிக்குப் புரியவில்லை. அத்தான் பேப்பரை மடித்து, வகுப்பில் பாடம் நடத்துகிறவர் மாதிரி விரலை வைத்துக் காட்டினார்.

"இதோ பாரு. 'கழிவுநீர் கலந்துள்ளதாகக் கூறப்படுகிறது.' கீழே கடைசி வரி, 'தண்ணீர் பாதுகாப்பானது என ஆணையர் தெரிவித்தார்.' ஒண்ணு கூறப்படுகிறது, இன்னொண்ணு தெரிவித்தார். எது உறுதின்னு நீயே சொல்லிட்டியே. அப்புறம் நாங்க குழாய்ல பிடிக்காம, ஆகாசத்துலயா பிடிப்போம்?"

"அத்தான், அது சும்மா ஒரு வழக்கத்துக்குப் போடுற வார்த்தை. கேஸ் கீஸ் வரக்கூடாதுன்னு…"

"உங்களுக்குச் சும்மா. எங்களுக்கு அப்படி இல்ல." அத்தானின் குரலில் இருந்த கிண்டல் சட்டென்று இறங்கிப்போனது. "அந்த வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? இதே அறையில இடுப்பளவு தண்ணியில நின்னேன். பீரோவைப் பிடிச்சுக்கிட்டு உங்க அக்கா நின்னா. உங்க ஹெல்மெட் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனான். மறுநாள் பேப்பர்ல என்ன வந்துது? 'தங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததாக அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்.' நான் எங்கேம்மா கூறினேன்? நான் நின்னேன்!"

அந்தச் செய்தியையும் கத்திரிதான் திருத்தியிருப்பாள். நினைவில்கூட இல்லை.

"அன்னிலேர்ந்து இந்தத் தெருவுல அதுதான் பேச்சு," என்றாள் அக்கா, குடத்தை இறக்கி வைத்தபடி. "எவனாவது அளந்து விட்டா, 'கூறப்படுகிறது'ம்பாங்க. எதிர்வீட்டுக்காரர் கடனைத் திருப்பித் தர்றேன்னு சொன்னாலும் கூறப்படுகிறது, மழை வரும்னாலும் கூறப்படுகிறது. உன் பேப்பருக்கே அதான்டி பேரு."

"போதாக்குறைக்கு இதைக் கேளு." அத்தான் கைபேசியைத் தட்டினார். யாரோ ஒருவன் மூச்சிரைக்கப் பேசினான். கேன் தண்ணீர் விற்கிறவர்கள் பத்திரிகைக்குப் பணம் கொடுத்து இப்படி எழுத வைத்திருக்கிறார்களாம், ஏமாறாதீர்களாம். "இவன் யாருன்னே தெரியாது. ஆனா பாரு, இவன் வால்ல எதையும் கட்டல. நெஞ்சைத் தட்டிச் சொல்றான்."

"அவன் பொய் சொல்றான் அத்தான்! தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தது டாக்டரம்மா. அவங்களே பேரோட சொல்லியிருக்காங்க."

"எந்த டாக்டரம்மா? பேப்பர்ல காணோமே?"

அவள் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தாள். உள்ளூர்ப் பக்கம், வலது மூலை. செய்தி ஆணையரோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே, டாக்டரம்மா இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு குடும்பமே சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் பேப்பரைக் கீழே போட்டாள்.

"அத்தான், நான் சொல்றேன். நான், உங்க மச்சினி சொல்றேன். குடிக்காதீங்க."

"நீ சொல்றியா, கூறப்படுகிறியா?"

சிரித்துக்கொண்டே எழுந்தவர், குடத்தில் தம்ளரை விட்டு மொண்டார். கத்திரி எட்டிப் பிடிப்பதற்குள் அண்ணாந்து விட்டார். தொண்டை ஏறி இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஜில்லுனு இருக்கு. சுவையாக இருப்பதாகவும் கூறப்படுகிறது."

அக்கா சிரித்துவிட்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

*

மறுநாள் காலை, அக்காதான் போன் செய்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். சர்க்கரை வேற இருக்கில்ல. கிட்னி சோர்ந்துபோச்சுங்கறாங்க. நீ வா."

வார்டில் கட்டில்கள் போதாமல் வராந்தாவிலும் பாய் விரித்திருந்தார்கள். பினாயில் வாடையை மீறி வேறொரு வாடை அடித்தது. தெருவையே வாயில் வைத்திருந்த அத்தான் சுவரோரக் கட்டிலில் காலியான பை மாதிரி கிடந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையில் சலைன் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

கட்டிலின் காலடியில் நின்றிருந்த டாக்டரம்மா, அக்காவின் தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள். தூங்கி நாளான கண்கள்.

"அந்தப் பேப்பரா நீங்க?"

"ஆமா."

"என் பேரைப் போடுங்கன்னு சொன்னேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நீங்க 'கூறப்படுகிறது'ன்னு போட்டீங்க. யார் கூறினது? ஆவியா? எனக்குப் பேர் இல்லையா? இப்ப மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். 'யாரும்மா இந்த வதந்தியைக் கிளப்பினது'ன்னு கேட்கறாங்க. என் பேர் வந்திருந்தா அது ஒரு டாக்டரோட அறிக்கை. வராததால வதந்தி ஆயிடுச்சு. எவ்வளவு வாங்கினீங்க, என் பேரை எடுக்க?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்திரி தலையைக் குனியாமல் பதில் சொன்னாள்.

"யாரும் எதுவும் கொடுக்கல டாக்டர். நடந்தது அதைவிடக் கேவலம். உங்க பேர் கடைசிப் பாராவுல இருந்துது. சோபா விளம்பரம் வந்துது. நாங்க கீழேயிருந்துதான் வெட்டுவோம். படிக்காம வெட்டிட்டேன். அந்த வார்த்தையும் நான் போட்டதுதான். யாரும் போடச் சொல்லல. கை பழகிப்போச்சு."

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பணம் வாங்கியதாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும் போலிருந்தது.

"இவருக்கு…" கத்திரி கட்டிலைக் காட்டினாள். "நேத்துக் காலையில என் எதிர்லதான் குடிச்சார். அதனாலதானா?"

"அதுக்கு முன்னாடியும் அதே குழாய்த் தண்ணியைத்தானே குடிச்சிருக்கார்? எந்தத் தம்ளர்னு என்னால சொல்ல முடியாது." மருத்துவக் குறிப்பேட்டைக் கட்டிலில் மாட்டிவிட்டுத் திரும்பியவள் சேர்த்துச் சொன்னாள். "இல்லைன்னும் சொல்ல முடியாது."

அத்தானின் உதடு அசைந்தது. அக்கா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"என்ன சொல்றார்?"

"உன்னைத்தான் கூப்பிடறார்."

கத்திரி முட்டி போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெரிய குரல் இப்போது காகிதம் உரசுகிற சத்தமாக வந்தது.

"மச்சினி… என் பேரைப் போடு. அப்பா பேரோட போடு. டிரைவர்னு போடு, தெருவுல எல்லாருக்கும் தெரியும். குடிச்சான்… படுத்துட்டான்னு போடு." மூச்சு வாங்கினார். "தெருவுல சின்னப் பசங்க இருக்காங்கம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குளத்தில் கிடந்த கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

போகத் திரும்பிய டாக்டரம்மா வாசலில் நின்றுவிட்டாள்.

"என் பேரையும் போடுங்க," என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "மேல போடுங்க. கடைசியில வேண்டாம்."

*

ஆசிரியரின் அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கத்திரி கொண்டுவந்த தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

தலைப்பு: இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். முதல் வரியில் டாக்டரம்மா. இரண்டாவது வரியில் அத்தான், அப்பா பெயரோடு. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: 'இச்செய்தியை நாங்கள் முதலில் வெளியிட்டபோது, தண்ணீரைச் சோதித்த மருத்துவரின் பெயரை நீக்கிவிட்டோம். உறுதியான தகவலை உறுதியற்றதைப் போல எழுதினோம். அதை நம்பித் தண்ணீரைக் குடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.'

போன் ஸ்பீக்கரில் வக்கீல் இருந்தார். "வால் இல்லாம எப்படிம்மா போடுறது? ஆணையர் கேஸ் போட்டா?"

"போடட்டும் சார். டாக்டரம்மா சாட்சி சொல்வாங்க. லேப் முடிவு இருக்கு. எங்க அத்தான் பிழைச்சா அவரும் வருவார்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "பேரோட ரெண்டு பேர் சொல்றாங்கன்னா… சரி. செய்தி நிக்கும்."

ஆசிரியர் பேனாவை எடுத்தார். "முதல் பக்கத்துல, மேலேயே போடலாம். நீ கேட்ட மாதிரி." பேனா கட்டத்தின் மேல் வந்து நின்றது. "இது வேண்டாம்."

"சார், அதுதான் முக்கியம்."

"நாம தப்பு பண்ணினோம்னு நாமளே போட்டா, நாளைக்கு எவன்ம்மா நம்மளை நம்புவான்?"

"இப்ப எவன் சார் நம்புறான்? என் சொந்த அக்கா பேப்பரைப் படிச்சுட்டுப் போய்த் தண்ணி பிடிச்சிருக்கா. நாம எழுதினதைப் படிக்காதவன்கூட யோசிச்சிருப்பான். படிச்சவன் குடிச்சிருக்கான்!"

ஆசிரியர் மோசமான மனிதர் அல்ல. பத்திரிகை விற்பனை சரியச் சரிய, அவர் தலையும் வெளுத்துக்கொண்டே வந்ததை அவள் கூட இருந்து பார்த்தவள்.

"எச்சரிக்கை வேணுமா, மன்னிப்பு வேணுமா? ரெண்டுக்கும் சேர்த்து முதலாளிகிட்ட அனுமதி கேட்டா இன்னிக்குப் பதிலே வராது. நாளைக்குக் காலையில அந்தத் தெரு மறுபடியும் குடத்தைத் தூக்கிட்டு வரும். நீயே சொல்லு."

கத்திரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். ஹெல்மெட் எப்போதோ அவளுக்காகத் தேநீர் வாங்கி வைத்துவிட்டு நின்றிருந்தார். தலையில் எதுவும் இல்லை. வழுக்கை விளக்கொளியில் பளபளத்தது. அதைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எச்சரிக்கை," என்றாள்.

ஆசிரியர் கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தார்.

*

விடிந்ததும் கத்திரி தொட்டித் தெருக் குழாயடிக்குப் போனபோது அங்கே கூட்டம் இருந்தது. பலர் கையில் பேப்பர் இருந்தது. எல்லார் கையிலும் குடமும் இருந்தது. குழாய் திறந்திருக்க, ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பிடிக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"அன்னிக்குக் கூறப்படுகிறதுன்னாங்க. இன்னிக்குக் குடிக்காதேங்கறாங்க. எதைத்தான் நம்பறது?" பனியன் போட்ட ஒருவர் பேப்பரை ஆட்டினார்.

"கேன் தண்ணி யாவாரம் சூடு பிடிக்கணுமில்ல," என்றது இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள்.

கத்திரி முன்னால் வந்தாள். "அன்னிக்குப் போட்டது தப்பு. அதைப் போட்டது நான்தான். தண்ணியில சாக்கடை கலந்திருக்கு. குடிக்காதீங்க."

குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, நிதானமாகக் கேட்டாள்.

"தப்புன்னா அதை ஏன் பேப்பர்ல போடல?"

கத்திரி வாயைத் திறந்தாள். அனுமதி, முதலாளி, நேரம். எல்லாமே நாக்கு வரைக்கும் வந்தன. அந்தக் குழாயடியில் எதற்கும் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"பார்த்தியா," என்றார் பனியன்காரர், யாரிடம் என்றில்லாமல்.

அப்போது கூட்டம் விலகியது. அக்கா வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கசங்கிய அதே புடவை, அவிழ்ந்த கொண்டை. கையில் குடம் இல்லை. யாரிடமும் எதுவும் பேசாமல் நேராகக் குழாயடிக்குப் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அண்ணன் எப்படியிருக்கார்க்கா?" குழாயடியில் இருந்தவள் கேட்டாள்.

"கண்ணைத் திறக்கல. இன்னிக்குப் பொழுது தாண்டணும்ங்கறாங்க." அக்கா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "எங்க பையன் ஆஸ்பத்திரியில அவர்கூட இருக்கான். நான் இதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அவர் சொல்லச் சொன்னார், நேத்து, பேச்சு இருந்தப்ப. பிடிக்காதீங்கம்மா."

கேட்டவள் தன் குடத்தைப் பார்த்தாள். முக்கால் குடம் நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, சாக்கடையில் கவிழ்த்தாள். பனியன்காரர் பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழாயை இறுக மூடினார். அவரும் அக்காவைத்தான் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. தெருக்கோடியிலிருந்து விஷயம் தெரியாமல் ஒருத்தி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் பிளாஸ்டிக் குடமுமாக வேகமாக வந்தாள். கத்திரி அவளை மறித்தாள்.

"இந்தத் தண்ணி குடிக்கறதுக்கு ஆகாதும்மா. பேப்பர்ல போட்டிருக்கு."

அந்தப் பெண் கத்திரியைத் தாண்டி அக்காவிடம் கேட்டாள். "பேப்பர்ல போட்டிருக்காம். நிஜமாக்கா?"

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கத்திரி அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

"இது ஒண்ணு நிஜம்," என்றாள் அக்கா.